பிரேக் போட்டால் 'தடதட'... புது டிஸ்க் மாட்டியும் தீராத உதறல்! தலைமுடி கனத்தில் ஒளிந்திருக்கும் குற்றவாளி

ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறது. முன்னால் போகும் பஸ் திடீரென்று நிற்கிறது. டிரைவர் பிரேக்கில் கால் வைக்கிறார்.

அவ்வளவுதான்! ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் உதறுகிறது. காலுக்கு அடியில் பெடல் துடிக்கிறது. டேஷ்போர்டில் ஒட்டி வைத்த பிள்ளையார்கூட ஆடுகிறார். கார் எப்படியோ நின்றுவிடுகிறது. டிரைவரின் படபடப்புதான் நிற்கவில்லை!

கால் டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிப்போன வியாதி. பட்டறைக்குப் போனால் பதில் தயாராக இருக்கிறது.

"டிஸ்க் பெண்ட் ஆயிருச்சு சார். ரெண்டு பக்கமும் புதுசு போட்டுருவோம்."

போடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் கை மாறுகிறது. கார் ஆடாமல் அசையாமல் நிற்கிறது. டிரைவருக்கு சந்தோஷம். ஐயாயிரம், ஆறாயிரம் கிலோ மீட்டர் ஓடுகிறது. அப்புறம்... மறுபடி அதே 'தடதட'!

"என்னண்ணே, இப்பதானே டிஸ்க் மாத்தினேன்? மறுபடி ஆடுதே!"

"அது டூப்ளிகேட் சார். இந்த வாட்டி ஒரிஜினல் போட்டுருவோம்."

மறுபடி பணம். சில மாதத்தில் மறுபடி உதறல். புதுப்பேட்டையில் தொடங்கி தாம்பரம் வரை எந்தப் பட்டறை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

உண்மை என்ன? 'பெண்ட் ஆயிருச்சு' என்று தூக்கிப் போடப்படும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்தவை அல்ல. கனம் மாறியவை! ஒரு இடத்தில் தடித்தும் இன்னொரு இடத்தில் தேய்ந்தும் போனவை. அப்படி ஆக்கியது யார் என்று பார்க்காமல் புது டிஸ்க் மாட்டினால், புது டிஸ்க்குக்கும் அதே கதிதான்.

பிரேக் பிறக்கும் ஊர்

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரேக் தொழிலில் சென்னை சாதாரண ஊர் அல்ல. பாடியில் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி 1962-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. பிரேக் லைனிங் செய்யும் ரானே கம்பெனி 1964-ல் வந்தது. நாடு முழுக்க ஓடும் கார், லாரிகளுக்கு இங்கிருந்துதான் பிரேக் சாமான் போகிறது. ஆனால் அதே ஊரில், பிரேக் உதறலுக்கு அளவு பார்த்து வைத்தியம் செய்கிற பட்டறைகள் குறைவு. கண்ணால் பார்த்தே முடிவு சொல்கிறார்கள். இந்தக் குற்றவாளி கண்ணுக்குத் தெரியாதவன்!

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பு இரும்புத் தட்டு. காலிப்பர் என்னும் கவ்வி, இரண்டு பக்கமும் பேடை வைத்து அந்தத் தட்டை நெருக்குகிறது. தட்டு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருந்தால் பேடும் ஒரே சீராக அழுத்தும். ஒரு இடம் மட்டும் தடிப்பாக இருந்தால்? அந்த இடம் வரும்போதெல்லாம் பேடு பின்னால் தள்ளப்படும். அந்தத் தள்ளல் பிரேக் ஆயில் வழியாகக் காலுக்கு வரும். சக்கரம் ஒரு நேரம் இறுக்கியும் ஒரு நேரம் விட்டும் பிடிக்கும். அதுதான் உதறல்.

60 கிலோ மீட்டர் வேகத்தில் சின்னக் காரின் சக்கரம் ஒரு விநாடிக்கு சுமார் 9 தடவை சுற்றும். அப்படியானால் விநாடிக்கு 9 அடி! வேகம் குறையக் குறைய அடியும் மெதுவாகும். 'தடதடதட' என்பது 'தட்... தட்... தட்...' என்று ஆகும். இது முக்கியமான துப்பு.

எவ்வளவு தடிப்பு இருந்தால் உதறும்? மில்லி மீட்டரில் நூறில் இரண்டு பங்கு போதும். தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

துரு செய்யும் சூழ்ச்சி

இந்தக் கனம் எப்படி மாறுகிறது? இங்கேதான் கதையின் முடிச்சு.

டிஸ்க்கைக் கழற்றினால் உள்ளே ஹப் தெரியும். டிஸ்க் உட்காரும் பீடம் அது. சென்னையில் உப்புக் காற்று, மழைத் தண்ணீர், சாலைப் புழுதி எல்லாம் சேர்ந்து அந்தப் பீடத்தில் துரு கட்டி வைத்திருக்கும். அவசரத்தில் அதைத் துடைக்காமல் புது டிஸ்க்கை மேலே மாட்டி நட்டை முறுக்கினால், டிஸ்க் ஒரு பக்கம் துளி தூக்கிக்கொண்டு நிற்கும். ஹப் சின்ன வட்டம், டிஸ்க் பெரிய வட்டம். அதனால் ஹப்பில் உள்ள துளி துரு டிஸ்க்கின் ஓரத்தில் இரண்டு மடங்கு ஆட்டமாகத் தெரியும்.

முதல் நாள் உதறாது. அதுதான் சூழ்ச்சியே! டிஸ்க் புதிது, கனம் ஒரே சீர். லேசாக ஆடினாலும் காலிப்பர் அதோடு சேர்ந்து ஆடிச் சமாளித்துவிடும். பிரேக் போடாமல் சும்மா ஓடும்போதுதான் விஷமம் நடக்கிறது. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு தடவையும், வெளியே துருத்திய இடம் மட்டும் பேடில் லேசாக உரசிவிட்டுப் போகிறது. ஆயிரம், இரண்டாயிரம், ஐயாயிரம் கிலோ மீட்டர்... அந்த இடம் மட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது. கனம் மாறுகிறது. ஒரு நாள் காலையில் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கிறது.

"மாட்டும்போது நல்லாத்தானே இருந்துச்சு!" என்று டிரைவர் சொல்வது சரி. "டிஸ்க் கெட்டுப் போச்சு" என்று மெக்கானிக் சொல்வதும் சரி. ஆனால் டிஸ்க்கைக் கெடுத்தது கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்காத ஹப்!

கூட்டாளிகள்

துருவுக்குக் கூட்டாளிகள் உண்டு. முதல் ஆள், பஞ்சர் கடை ஏர் கன். 'டர்ர்ர்' என்று ஒரு நட்டை அசுரத்தனமாக இறுக்கி, அடுத்த நட்டை அரைகுறையாக விட்டால் டிஸ்க்கின் மேல் அழுத்தம் கோணலாகும். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு காரின் கையேட்டிலும் நியூட்டன் மீட்டர் கணக்கில் போட்டிருக்கிறான். சின்னக் கார்களுக்கு பெரும்பாலும் 100-ஐ ஒட்டி இருக்கும். டார்க் ஸ்பேனர் வைத்து, எதிர் எதிர் நட்டாக மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். டயர் மாற்றியதற்கு அப்புறம் உதறல் வந்தது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

அடுத்தவன், சிக்கிக்கொண்ட காலிப்பர். இதன் பின்கள் கிரீஸ் காய்ந்து துருப்பிடித்தால், காலை எடுத்த பிறகும் பேடு டிஸ்க்கை விடாது. கார் ஒரு பக்கம் இழுக்கும். பெட்ரோல் குடிக்கும். ஒரு சக்கரத்தில் மட்டும் கருகிய வாடை வரும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டு போனாலே அனல் தெரியும். தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும்!

மூன்றாவது, சூடு. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 80 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்கில் உண்டாகும் சூடு, முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதே கார் 40-லிருந்து நின்றால் ஒரு டம்ளர் தண்ணீர்தான். வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு! ஏற்காட்டுக்குப் போய் 20 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொன்னது சும்மா இல்லை.

அளவுக்கு மீறிக் காய்ந்த டிஸ்க்கில் நீலம் பாரித்த திட்டுகள் விழும். சூடு மிக அதிகமானால் அந்த இடத்தில் இரும்பின் தன்மையே மாறி, கல் மாதிரி கெட்டியாகிவிடும். அதை லேத்தில் கடைந்தாலும் பயன் இல்லை. கெட்டித்தன்மை ஆழம் வரை போயிருப்பதால், கொஞ்ச நாளில் அந்த இடம் மறுபடி மேடாகத் துருத்தும்.

மலை இறங்கி வந்ததும் ஒரு காரியம் செய்கிறார்கள். கொதிக்கும் பிரேக்கை இறுக்கி மிதித்தபடி செக்போஸ்டில் நிற்கிறார்கள். பேடு ஒட்டியிருக்கும் இடத்தில் அதன் மசாலா டிஸ்க்கில் படிந்து அச்சு விழுகிறது. இதுவும் கனம் கூடியது போலத்தான். நல்ல வேளையாக, லேசான படிவம் என்றால் நாலைந்து தடவை நல்ல வேகத்திலிருந்து சீராகப் பிரேக் போட்டாலே தேய்ந்து போய்விடுவதும் உண்டு.

2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் நின்ற கார்களை எடுத்தபோது பலருக்கும் இதே அனுபவம்தான். பேடு மூடிய இடம் தவிர மற்ற இடமெல்லாம் துரு. திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றில் நிற்கும் கார்களைக் கேட்கவே வேண்டாம்.

எந்தச் சக்கரம்?

பட்டறைக்குப் போகும் முன்பே பாதி விஷயத்தை டிரைவரே கண்டுபிடிக்கலாம்.

பிரேக் போடாமலே 80, 90-ல் ஸ்டியரிங் ஆடினால் அது பிரேக் கோளாறு அல்ல. வீல் பேலன்சிங் அல்லது டயர். போட்டால் மட்டும் ஆடினால்தான் பிரேக் பக்கம் வர வேண்டும்.

ஸ்டியரிங் உதறினால் பெரும்பாலும் முன் சக்கரம். ஸ்டியரிங் அமைதியாக இருந்து, சீட்டும் இடுப்பும் அதிர்ந்தால் பின் சக்கரம்.

பின்னால் டிரம் பிரேக் உள்ள காரில் ஒரு சோதனை இருக்கிறது. ஆள் இல்லாத மைதானத்தில் 30 கிலோ மீட்டர் வேகத்தில் போய், ஹேண்ட் பிரேக் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி மெதுவாக இழுக்க வேண்டும். கார் விட்டு விட்டு இழுத்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. இதை மவுண்ட் ரோட்டில் செய்து பார்க்காதீர்கள்!

டிரம் முட்டை வடிவம் ஆவது அம்பாசடர், பத்மினி காலத்து வியாதி. நல்ல சூட்டில் இருக்கும்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஷூ அழுத்திய வாக்கில் டிரம் ஆறி, வட்டம் கோணும். அந்தக் காலத்தில் டிரம்மை லேத்தில் கடைந்து, லைனிங்கை அதற்கு ஏற்ற மாதிரி தேய்த்துப் பொருத்துகிற கைகள் இருந்தன. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றது. இன்றும் பல கார்களில் பின்னால் டிரம்தான். கடைசல் போடலாம். ஆனால் டிரம்மின் மேல் அச்சடித்திருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது.

இன்னொரு குழப்பம் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் இது கட்டாயம். சறுக்கும் ரோட்டில் அவசரமாக மிதித்தால் 'கர்ர்ர்' என்று சத்தத்தோடு பெடல் காலை உதைக்கும். பயந்து காலை எடுக்கக் கூடாது. அது கோளாறு அல்ல, வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் சிக்னலில் மெதுவாக நிற்கும்போது கூட அப்படி உதைத்தால் சக்கரத்தில் உள்ள சென்சாரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

உயிருக்கு உலை வைப்பது எது?

கனம் மாறிய டிஸ்க் பெரும்பாலும் தொல்லைதான். பயப்பட வேண்டியது வேறு. உதறலோடு 'டொக்' என்று சத்தம் வந்தாலோ, பிரேக் போட்டதும் கார் ஒரு பக்கம் பாய்ந்தாலோ, அன்றைக்கே வண்டியை நிறுத்த வேண்டும். லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம். டை ராட் எண்ட் தளர்ந்திருக்கலாம். பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கலாம். பால் ஜாயிண்ட் கழன்றுவிட்டால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். அதற்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடித்து என்ன பயன்?

இதைச் சோதிக்க மிஷின் தேவை இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். சில பட்டறைகளில் இதைப் பார்க்காமலே நேராக டிஸ்க்குக்குப் போய்விடுகிறார்கள். கஸ்டமர் பையைப் பார்த்து வைத்தியம் செய்தால் அப்படித்தான் ஆகும்.

சட்டமும் சும்மா விடாது. 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவைப் பாருங்கள். வண்டியில் ஆபத்தான கோளாறு இருப்பது தெரிந்தும் பொது ரோட்டில் ஓட்டினால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் கோளாறால் விபத்து நடந்து காயமோ சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். "ரெண்டு மாசமா ஆடிட்டுத்தான் சார் இருந்துச்சு" என்று ஸ்டேஷனில் வாய் தவறிச் சொல்லிவிட்டால், தெரிந்தே ஓட்டினார் என்பதற்கு வேறு சாட்சி தேவையா?

அளந்து பார்க்கும் வைத்தியம்

சரியான பட்டறையில் என்ன செய்வார்கள்? டிஸ்க்கைக் கழற்றும் முன்பே டயல் கேஜ் வைப்பார்கள். காந்தக் கால் உள்ள ஸ்டாண்டில் மாட்டிய கடிகாரம் போன்ற கருவி. முள்ளை டிஸ்க்கின் ஓரத்தில் வைத்து சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் எவ்வளவு ஆட்டம் என்று காட்டிவிடும். பல கார்களுக்கு 0.05 மில்லி மீட்டர்தான் கணக்கு. சில கம்பெனிகள் கொஞ்சம் கூடுதலாக அனுமதிக்கின்றன.

அடுத்து மைக்ரோ மீட்டர். டிஸ்க்கைச் சுற்றி எட்டு இடத்தில் கனம் பார்க்க வேண்டும். குறைந்தபட்ச கனம் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். உதாரணமாக, புதிதில் 17 மி.மீ. உள்ள டிஸ்க்குக்கு 15 என்று இருக்கலாம். அதற்கு மேல் தாராளமாக இருந்தால் கடைசல் போட்டுக்கொள்ளலாம், புதிது வாங்கத் தேவை இல்லை. கடைந்தால் அந்த அளவுக்குக் கீழே போய்விடும் என்றால் மட்டும் மாற்ற வேண்டும். மாற்றினால் ஒரே அச்சின் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். இதில் மெக்கானிக் சொல்வது சரிதான்.

கடைந்த டிஸ்க்கோ, புதுசோ, மாட்டும் முன் ஹப்பைக் கம்பிப் பிரஷால் பளபளவென்று வரும்வரை தேய்க்க வேண்டும். போல்ட்டுகளின் அடி ஓரத்தில் ஒளிந்திருக்கும் துருவையும் விடக் கூடாது. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைத் துடைக்க வேண்டும். மாட்டி, எல்லா நட்டையும் போட்டு முறுக்கி, மறுபடி டயல் கேஜ் வைக்க வேண்டும். ஆட்டம் அதிகம் இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு ஓட்டை தள்ளி மாட்டிப் பார்ப்பார்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். எப்படி மாட்டினாலும் ஒரே மாதிரி ஆடினால் ஹப்போ, பேரிங்கோதான் கோணல். அப்படி இருக்கையில் எத்தனை டிஸ்க் மாற்றினாலும் தீராது.

இவ்வளவுக்கும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். அதனால்தான் பலர் செய்வதில்லை. அதனால், "டிஸ்க் மாத்தணும்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் "கேஜ் வச்சுப் பாத்தீங்களாண்ணே? எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளாமல் எண்ணைச் சொல்கிற ஆளிடம் தைரியமாக வண்டியை விடலாம். கழற்றிய பழைய டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அது உங்கள் சொத்து. இரும்புக் கடையில் போட்டால் நாலு காசு வரும்.

புது பேடு, புது டிஸ்க் போட்ட கையோடு பறக்கக் கூடாது. விடியற்காலையில் காலியான ரோட்டில், 60 கிலோ மீட்டர் வேகத்திலிருந்து 20 வரை சீராகப் பிரேக் போட்டுக் குறைக்க வேண்டும். கொஞ்ச தூரம் ஆற விட்டு மறுபடி. இப்படிப் பத்துத் தடவை. நடுவில் முழுசாக நிறுத்தி மிதித்துக்கொண்டே இருந்தால் மறுபடி அச்சு விழும். பேடும் டிஸ்க்கும் அப்போதுதான் ஒன்றோடு ஒன்று பழகும்.

50, 100 கிலோ மீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ஸ்பேனரில் ஒரு தடவை சரி பார்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஏர் கன்னைக் கையில் எடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்!